பீர் பிஸ்கட்டைத் தின்றவர்கள்

டிசம்பர் 7

செஃப் இன்று ஒரு பிஸ்கட்டை உடைத்து, பாதியை என்னிடம் நீட்டினார். "என்ன இருக்குன்னு சொல்லு பெனிட்டா." சுக்கு, வெண்ணெய், கருகின சர்க்கரை என்றேன். அதையும் தாண்டி ஒரு கசப்பு இருந்தது, தீய்ந்த ரொட்டியின் அடிப்பக்கம் மாதிரி. அதற்குப் பெயர் தெரியவில்லை. "பீர்" என்றார். கோவாவிலிருந்து அவருடைய நண்பர் அனுப்பியதாம்.

மதுரையில் நான் வேலை செய்யும் ஹோட்டலுக்கு அடுத்த வருடக் கிறிஸ்துமஸ் பெட்டியில் வைக்கப் புதிதாக ஏதாவது வேண்டும். நீ வீட்டில் செய்து பார் என்கிறார். வீட்டில் என்றால் என் கரண்ட், என் வெண்ணெய். நன்றாக வந்தால் பெயர் மட்டும் அவருக்கு. தெரிந்துதான் தலையாட்டினேன். ரயிலில் திண்டுக்கல் வந்து சேரும்வரை இதே யோசனை. மாவில் பீரை ஊற்றினால் நுரை எங்கே போகும்? கசப்பு தங்குமா?

டிசம்பர் 9

பீர் வாங்குவதுதான் பெரிய வேலை. இந்த ஊரில் ஒரு பெண் ஒயின் ஷாப் வரிசையில் நின்றால், பாட்டில் கைக்கு வருவதற்குள் செய்தி எங்கள் குடியிருப்புக்கு வந்துவிடும். எங்கள் சபையில் பாதி வீட்டில் கேக்குக்கான பழங்கள் நவம்பரிலேயே ரம்மில் ஊறுகின்றன. அது மிலிட்டரி கேன்டீன் ரம், மரியாதையான சரக்கு. கேக்கில் ரம் இருந்தால் கிறிஸ்துமஸ். பிஸ்கட்டில் பீர் இருந்தால் குடிகாரி.

நிரஞ்சன் வாங்கித் தந்தான். லேப்டாப் பையில் வைத்து, பஸ் ஸ்டாண்டில் கொடுத்தான். "இதோட என்னைப் பிடிச்சா நீதான் குடிக்கச் சொன்னேன்னு சொல்வேன்" என்றான்.

நிரஞ்சன் எதிர்வீடு. வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, இரண்டாவது மாடி, எங்கள் கதவைத் திறந்தால் அவர்கள் கதவு. எட்டு வருடப் பழக்கம். அதில் கடைசி இரண்டு வருடம் வேறு மாதிரி. அதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 10

அம்மா காலை ஷிப்ட். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

பீரை அப்படியே மாவில் ஊற்றிப் பிசைந்தேன். வெந்து வந்தது, வடை மாதிரி உப்பியிருந்தது. கடித்தால் ஒன்றுமில்லை. பீர் எங்கே போனது என்றே தெரியவில்லை.

மீதி பீரை நாளை அடுப்பில் வைத்துச் சுண்டவைத்துப் பார்க்கலாம்.

டிசம்பர் 11

சுண்டவைத்தேன். முதலில் பொங்கி அடுப்பை நனைத்தது. பிறகு வீடு முழுக்கப் புளித்த மாவு வாடை. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன். அரைப் பாட்டில் வற்றி, அடியில் இரண்டு கரண்டி கருப்புப் பாகு நின்றது. நக்கிப் பார்த்தேன். சுரக் கஷாயம். தண்ணீர் போய்விடுகிறது, போதை போய்விடுகிறது, கசப்பு மட்டும் எங்கேயும் போவதில்லை.

கருப்பட்டி போட்டால் சரியாகலாம்.

டிசம்பர் 14

நிரஞ்சன் பொங்கல் முடிந்ததும் அவன் அம்மாவிடம் எங்கள் விஷயத்தைப் பேசப் போகிறானாம். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான்.

"அம்மா ஒத்துக்குவாங்க பெனி. எட்டு வருஷமா உங்க வீட்டுப் பலகாரம் சாப்பிடுறவங்க. ஜாதி பாக்குற ஆளா இருந்தா வாங்குவாங்களா?"

அவர்கள் என்ன ஜாதி என்று இங்கே எழுதவில்லை. நாங்கள் என்ன ஜாதி என்பது அவர்களுக்குத் தெரியும். குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

நிரஞ்சனின் அம்மா ரேணுகா அத்தை, கிறிஸ்துமஸ் தட்டை இரண்டு கையாலும் வாங்குவார். சிரிப்பார். மறுநாள் தட்டைக் கழுவி, வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று சர்க்கரை வைத்துத் திருப்பிக் கொடுப்பார். அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் சாப்பிட்டும் பார்த்ததில்லைதான். யார் வீட்டில் போய் உட்கார்ந்து பார்க்க முடியும்?

சும்மா தோன்றியது. எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 18

வந்துவிட்டது!

நிரஞ்சன் இன்னும் இரண்டு பாட்டில் வாங்கித் தந்தான். பாகில் பாதிக்குப் பாதி கருப்பட்டி, நிறைய சுக்கு, கொஞ்சம் மிளகு, கல் உப்பை நுணுக்கி மேலே தூவினேன். முந்திரி, ஏலக்காய் எதுவும் இல்லை. கருப்பாக, கெட்டியாக, கடித்தால் சத்தம் கேட்கிற பிஸ்கட். முதலில் கருப்பட்டி, அப்புறம் காரம். விழுங்கின பிறகுதான் கசப்பு வருகிறது. ஏன் கடைசியில் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆறு தின்றேன். தெரியவில்லை.

பெரிய டின் நிறையச் செய்தேன். தட்டுகளுக்காக வழக்கமான வெண்ணெய் பிஸ்கட்டும் ஒரு டின்.

அம்மா வந்து கருப்பை எடுத்துப் பார்த்தாள். "இது என்னாடி?"

"கருப்பட்டி பிஸ்கட்."

ஒன்று தின்றாள். "நல்லாருக்கே. மருந்து மாதிரி இருக்கு, ஆனா நல்லாருக்கு."

டிசம்பர் 21

முறுக்கு. அதிரசம். முதுகுவலி.

டிசம்பர் 24

ஹோட்டலில் விடிய விடிய வேலை. பணக்காரர்கள் கேக் வெட்ட நாங்கள் விழிக்கிறோம். என்னுடைய பண்டிகையை அவர்கள் கொண்டாடுகிறார்கள், நான் ட்ரே கழுவுகிறேன். அம்மா போனில் சொன்னாள்: தட்டெல்லாம் கொடுத்தாயிற்று.

டிசம்பர் 25

வந்து தூங்கி, மதியம் எழுந்தேன். வெண்ணெய் பிஸ்கட் டின் நிரம்பி இருந்தது. கருப்பு டின் காலி.

அம்மா டூட்டியில். போன் எடுக்கவில்லை. நன்றாக வந்தது எதுவோ அதைத்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பாள். அது அவள் வழக்கம். நான்தான் கருப்பட்டி என்று சொல்லி வைத்தேன்.

மாலை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது நிரஞ்சன் வந்தான். டின் மாறிப்போனதைச் சொல்லவில்லை. "பிஸ்கட் சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

"சூப்பர் பெனி. வெண்ணெய் வாசனை ஆளைத் தூக்குச்சு. அம்மாவும் ரெண்டு எடுத்தாங்க. அந்த முந்திரிதான் ஹைலைட்."

முந்திரி போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வாரம் முழுக்கத் தூக்கமில்லை. போட்டிருப்பேன்.

டிசம்பர் 26

நேற்று அம்மா டூட்டி முடிந்து வந்தவுடன் அவளிடம் சொல்லிவிட்டேன். அடிக்கக் கை ஓங்கினாள். எனக்கு இருபத்து நான்கு வயது.

"கீழ் வீட்டு மனுசன் மாலை போட்டுருக்காரேடி! சபரிமலைக்குப் போறவரு! அவருக்கு நான் என் கையால பீரைக் குடுத்திருக்கேன்!"

"அம்மா, கொதிச்சதுல சாராயமெல்லாம் போயிருக்கும்."

"அதை ஐயப்பன்கிட்ட நீ போய்ச் சொல்லு."

அவர் எப்படியும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்றேன். வீரணன், பஸ் டிரைவர், முரட்டு மீசை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை எங்களுக்குத்தான் என்று சண்டை போடுகிற கூட்டத்து ஆள். மாலை போட்டவர்கள் வெளி வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதுவும் எங்கள் வீட்டிலா? எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா கேட்கவில்லை. "சொல்லாம இருந்தா அது ஏமாத்து. வா" என்று காலையிலேயே கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மேல் வீட்டு ரிட்டயர்ட் தாசில்தார் கேட்டதும் சிரித்தார். "அதான் நாக்கை விட்டுப் போகலை. இன்னும் ரெண்டு இருக்குமா சிஸ்டர்?"

ரேணுகா அத்தை வாசலில் நின்றபடி கேட்டார். "ஐயோ அக்கா, இதுக்குப் போயி! சின்னப் பிள்ளை, ஏதோ ஆசைக்குப் பண்ணியிருக்கா. அதனால என்ன, விடுங்க" என்று அம்மா கையைத் தட்டிக் கொடுத்தார். அம்மாவும் சிரித்தாள். "ரேணுகாவுக்குப் பெரிய மனசு" என்று மாடிப்படியில் சொன்னாள். போன வருடம் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தபோது, அதில் ஆல்கஹால் இருக்கிறதா என்று அம்மாவைப் பாட்டிலைப் படிக்கச் சொல்லி, இருக்கிறது என்றதும் திருப்பி அனுப்பியவர் இதே அத்தைதான். மனசு ஒரு வருடத்தில் பெரிதாகும் போல.

வீரணன் கறுப்பு வேட்டியில் குளித்துவிட்டு நின்றார். அம்மா கையைக் கூப்பினாள். "சாமி, ஒரு தப்பு நடந்து போச்சு..."

கேட்டு முடித்ததும் அவர் முகம் மாறியது. "என்னாது? பீரா?"

"தெரியாம, சாமி..."

"நாலு தின்னேன் சிஸ்டரம்மா! நாலு! சாமி சரணம்! டீயில முக்கி முக்கித் தின்னேன்! ஏத்தா, படிச்ச புள்ளதானே நீ? அறிவு வேணாம்? சாமியே சரணம்! மூணு வருசமா ஒரு சொட்டு தொடாத வாய் இது!" கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். அவர் மனைவி உள்ளிருந்து "நாலில்ல, ஆறு" என்றாள். "நீ சும்மா கெட!" என்று அங்கேயும் கத்தினார்.

அம்மா அழுதாள். நான் மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். ஆனால் அவர் திட்டத் திட்ட எனக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இவர் சாப்பிட்டிருக்கிறார். தின்றவனுக்குத்தான் இவ்வளவு கோபம் வரும்.

டிசம்பர் 27

வீரணன் குருசாமியைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா வாசலிலேயே காத்திருந்தாள்.

"என்ன சொன்னாரு சாமி?"

"தெரியாமத் தின்னது கணக்குல வராதாம். ஆனா விரதத்துல வெளி வீட்டுப் பலகாரத்தை ஏன்டா தின்னேன்னு ஏறிட்டாரு. தெனம் விடியப் பச்சத் தண்ணியில குளிக்கணும், நூத்தெட்டுச் சரணம் கூடச் சொல்லணும். மாலையைக் கழட்ட வேணாம்னுட்டாரு."

"ஏன் சாமி தின்னீங்க?" நான்தான் கேட்டேன். அம்மா என்னைக் கிள்ளினாள்.

அவர் மீசையைத் தடவினார். "என்னாத்தா இப்பிடிக் கேக்குற? வருசா வருசம் கிறிஸ்மஸ்ஸு மாலை போட்ட நேரத்துலதான வருது. வருசா வருசம்தான் திங்குறேன். அதைக் குருசாமிக்கிட்டச் சொல்லல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருசம் அந்தச் சனியனை மட்டும் ஊத்தாம அதே பிஸ்கோத்தைப் போடு" என்றார்.

அவரைப் பற்றி நான் நேற்று எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அப்படித்தான் நினைத்தேன், அது அங்கேயே இருக்கட்டும். முதல் மரியாதைக்குச் சண்டை போடுகிறவர்தான் இவரும். ஆனாலும் தின்றிருக்கிறார். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

டிசம்பர் 28

நிரஞ்சன் மூன்று தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. வேலை இருந்தது.

வேலை இல்லை.

டிசம்பர் 29

வெண்ணெய் பிஸ்கட்டை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அத்தை, "வாம்மா, உள்ள வா" என்றார். உட்கார வைத்தார். காபி வேண்டுமா என்றார். நிரஞ்சன் சோபாவில் இருந்தான். அவர்கள் வீட்டில் வேலை செய்யும் பாண்டியம்மா கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விளக்குமாறை நிறுத்தினார்.

"பாப்பா, இந்த வருசம் என்னா அந்தக் கருப்பு பிஸ்கோத்து? எம் மக ஒண்ணக் கடிச்சிட்டு கசக்குதுன்னு துப்பிட்டா. மிச்சத்த அவங்கப்பந்தான் தின்னான். எப்பவும் போடுவீகளே வெண்ணெய் பிஸ்கோத்து, அதுதான் அதுக்கு உசிரு."

நிரஞ்சன் போனைக் கையில் எடுத்தான். டிவி மட்டும் ஓடியது.

"பாண்டியம்மா, மாடியில துணி காஞ்சிருக்கும் பாரு" என்றார் அத்தை.

"இருங்கக்கா" என்றேன். "அந்தக் கருப்பு பிஸ்கட்ல பீர் கலந்திருந்துச்சு. தவறிப் போய்த் தட்டுல வந்துருச்சு. வீடு வீடாப் போய்ச் சொன்னோம். உங்களுக்குச் சொல்லணும்னு எனக்குத் தெரியலை. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பீரா! ஆத்தி!" அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தைக்கு மூன்று நாளாகத் தெரியும். ஒரு குழந்தை தின்றிருக்கும் என்பதும் தெரியும். சொல்லவில்லை.

"அவளுக்கு ஒண்ணும் ஆகல தாயி" என்றுவிட்டு பாண்டியம்மா மாடிக்குப் போனார்.

அத்தை மெதுவாகப் பேசினார். "தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கு வயித்துக்கு எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கிறதில்ல. வீணாகக் கூடாதேன்னுதான்... உங்கம்மா மேல எனக்கு எவ்வளவு பாசம்னு உனக்கே தெரியும்."

"தெரியும் அத்தை. இது எண்ணெய் இல்ல." தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன்.

வாங்கினார். இரண்டு கையாலும் வாங்கினார். கையில் வைத்துக்கொண்டே ஹோட்டலில் சம்பளம் கூட்டினார்களா, அம்மாவுக்குக் கால்வலி எப்படி என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பிஸ்கட்டின் ஓரம் அவர் விரல் சூட்டில் உதிர ஆரம்பித்தது. கடைசியில் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். "அப்புறமா சாப்பிடுறேன்."

நான் நிரஞ்சனைப் பார்த்தேன். அவன் எழுந்து வந்து அந்த ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றிருந்தால் போதும். அவன் போனைப் பார்த்தபடி, "அம்மாவுக்கு இன்னிக்கு விரதம்" என்றான்.

டீப்பாயில் பாதி குடித்த காபியும் ஒரு கடித்த பஜ்ஜியும் இருந்தன.

ஃப்ரிட்ஜ் மேலிருந்த பிஸ்கட்டை எடுத்து அங்கேயே நின்று தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 30

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், நிரஞ்சன் விஷயம் உட்பட. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றாள்.

"எது தெரியும்? நிரஞ்சனா?"

"அதுவும் தெரியும். ரேணுகா திங்க மாட்டான்னும் தெரியும். பாண்டியம்மா என்கிட்ட பிரஷர் பாக்க வர்றவதானே. வந்த முதல் வருசமே, உங்க வீட்டு அதிரசம் நல்லாருந்துச்சு சிஸ்டர்னு சொன்னா. நான் அவளுக்குக் குடுக்கவே இல்லியே."

"அப்புறம் ஏம்மா வருஷா வருஷம் கொண்டு போய்க் குடுக்குற? உனக்கு மானமே இல்லையா?"

உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டாள். "பாண்டியம்மாவுக்குப் பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சதுலருந்து அந்தத் தட்டுல மட்டும் ரெண்டு அதிரசம் கூட வைக்கிறேன். கத்தாத. கதவு தொறந்திருக்கு."

"நேரா பாண்டியம்மாகிட்டயே குடுக்கலாம்ல?"

"குடுத்தா ரேணுகாவுக்குத் தெரிஞ்சுரும்."

"என்ன தெரிஞ்சுரும்?"

"எனக்குத் தெரியும்னு."

இதற்கு நான் கத்தினேன், கதவு திறந்திருந்தாலும். இவ்வளவு வருடமும் இரண்டு கதவுக்கு நடுவில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒருத்தி தின்னாததை மறைக்க, இன்னொருத்தி அது தெரிந்ததை மறைக்க. இதற்குப் பெயர் நல்ல பழக்கமாம். வீரணன் போட்ட கூச்சல் எவ்வளவோ மேல்.

அம்மா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். பிறகு, "அந்தப் பையன் என்ன சொல்றான்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரி 1

எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 2

நிரஞ்சனிடமிருந்து நீளமான மெசேஜ். பொங்கல் வரை காத்திருக்கவில்லையாம், அன்றைக்கு நான் போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் பேசிவிட்டானாம். பெரிய சண்டையாம். அவன் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லையாம். கடைசியில் அத்தை சம்மதித்துவிட்டாராம். அந்த வரியைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிட எழுந்துவிட்டேன். அதை ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து இப்படி இருந்தது: "ஒரே ஒரு விஷயம் பெனி. கல்யாணத்துக்கு அப்புறம் கிச்சனை அம்மாவே பாத்துக்கிறேன்னு சொல்றாங்க. நீ அந்தப் பக்கமே வர வேண்டாமாம். உனக்கும் ஹோட்டல்ல நாள் பூரா அடுப்புதானே, வீட்டுலயாவது ரெஸ்ட் கிடைக்கும். நான் சரின்னுட்டேன்."

நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறான். இரண்டு நாள் பட்டினி கிடந்து எனக்கு வாங்கித் தந்த சலுகை. சந்தோஷமாக இருக்கிறான், பக்கத்தில் சிரித்த முகம் வேறு போட்டிருக்கிறான்.

"வேண்டாம்" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "எது வேண்டாம்? ரெஸ்ட்டா?"

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கிண்டல் இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறான்.